கார்லோவி வாரிக்குச் செல்லும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் குடியரசின் மேற்கு மூலையில், காடடர்ந்த குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது கார்லோவி வாரி. பிராக் நகரத்துக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர் ஒரு பகல்பொழுதை மட்டும் இதற்கு ஒதுக்கி, நான்கு மணி நேரம் சுற்றிப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தங்கி, நடந்து, நீர் பருகி உடல் தேறிய ஊர் இது. அந்த நிதானத்தை ஓரளவேனும் கடைப்பிடித்தால்தான் ஊர் தன்னைக் காட்டுகிறது. பயணத்துக்கு முன்பு பலரும் எழுப்பும் கேள்விகளுக்கு இந்த எண்ணத்தை மனத்தில் வைத்தே விடை எழுதியிருக்கிறேன்.

கார்ல்ஸ்பாட் என்பதும் கார்லோவி வாரி என்பதும் ஒரே ஊரா?

ஆம், ஒரே ஊர்தான். கார்ல்ஸ்பாட் என்பது ஜெர்மானியப் பெயர். "கார்லின் குளியலிடம்" என்பது அதன் பொருள். கார்லோவி வாரி என்பது செக் மொழிப் பெயர். இரண்டும் குறிப்பது புனித ரோமப் பேரரசரும் பொஹீமியாவின் மன்னருமான நான்காம் சார்லஸை. 1945 வரை இந்த ஊரில் பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசியவர்கள் என்பதால், பழைய நூல்களிலும் கடிதங்களிலும் நிலப்படங்களிலும் கார்ல்ஸ்பாட் என்றே இருக்கும். 1819இல் ஜெர்மானிய அரசுகளின் பிரதிநிதிகள் கூடிப் பத்திரிகைகளையும் பல்கலைக்கழகங்களையும் ஒடுக்கும் ஆணைகளுக்கு உடன்பட்டது இங்கேதான். ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு அவை கார்ல்ஸ்பாட் ஆணைகள் என்று நினைவிருக்கும்.

பேரரசரின் வேட்டை நாய் ஊற்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

அது கதை, ஆனால் ஊர் மிகுந்த அன்போடு காப்பாற்றி வரும் கதை. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் சார்லஸ் இந்தக் காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்தபோது, மானைத் துரத்திச் சென்ற நாய் ஒன்று கொதிக்கும் நீரில் விழுந்து அலறியதாகவும், அங்கே சென்று பார்த்த பேரரசர் தம் காயமுற்ற காலை அந்த நீரில் நனைத்து நலம் பெற்றதாகவும் சொல்வார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு முன்பே மக்கள் வாழ்ந்தார்கள். ஆற்றோரத்தில் ஆவி பறக்க எழும் நீர் அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. ஐயத்துக்கு இடமில்லாத செய்தி, 1370 ஆகஸ்ட் 14 அன்று சார்லஸ் இந்தக் குடியிருப்புக்கு நகர உரிமைகளை வழங்கினார் என்பதே. சந்தைத் தூண்மண்டபத்தில் அவர் பெயரைத் தாங்கிய ஊற்றுக்கு மேலே இந்தக் கதையைச் சொல்லும் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. அங்கே நின்று சிற்பத்தைப் பார்த்துவிட்டு, கீழே வழியும் நீரைக் கையால் தொட்டுப் பாருங்கள். 60 டிகிரியைத் தாண்டிய அந்தச் சூட்டில் நாய் அலறியது நியாயம்தான் என்று தோன்றும்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது?

மழையாகவும் பனியாகவும் விழுந்த நீர் கருங்கல் பாறைகளின் பிளவுகள் வழியே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே நிலத்தடி வெப்பத்தால் சூடேறி, பாறைகளிலிருந்து உப்புகளைக் கரைத்துக்கொண்டு, ஆழத்திலிருந்து வரும் கரியமில வாயுவையும் ஏற்றுக்கொண்டு மீண்டும் மேலெழுகிறது. நீரை உந்தி மேலே தள்ளுவதில் அந்த வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு. சோடா பாட்டிலைத் திறந்தால் பானம் பொங்கி எழுவதைப் போன்றதே இது. ஊற்றுகளில் மிகப் பெரியதான வ்ரீட்லோ சுமார் 12 மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டெழுகிறது. அதன் வெப்பநிலை 73 டிகிரி செல்சியஸை ஒட்டியது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் நீர் வெளிப்படுகிறது. ஒரு லிட்டரில் ஆறு கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருக்கின்றன. சோடியம், பைகார்பனேட், சல்பேட், குளோரைடு ஆகியவையே அவற்றில் முதன்மையானவை.

மேலே வந்த நீர் வாயுவை இழந்து ஆறும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு அரகோனைட் என்ற கல்லாகப் படிகிறது. இரும்பு கலந்திருப்பதால் அந்தக் கல் பழுப்பும் செம்மண் நிறமுமாகக் கோடு கோடாக அமைகிறது. பழைய நகர மையத்தின் ஒரு பகுதி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஊற்றே படிய வைத்த இத்தகைய கல்தட்டின் மீதுதான் நிற்கிறது. அந்தத் தட்டை உடைத்துக்கொண்டு புதிய இடங்களில் நீர் வெடித்துக் கிளம்பிய நிகழ்ச்சிகள் கடந்த நூற்றாண்டுகளில் பல உண்டு. இன்று ஆழ்துளைகள் வழியே நீரைக் கட்டுப்படுத்தி எடுக்கிறார்கள். ஆனாலும் குழாய்களுக்குள் கல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அவற்றை ஓயாமல் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. வ்ரீட்லோ தூண்மண்டபத்தின் அடித்தளத்தை வழிகாட்டியுடன் பார்வையிட வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். காகித ரோஜாக்களையும் சிறு பாத்திரங்களையும் சொட்டும் நீருக்கு அடியில் வைத்து, சில வாரங்களில் கல்பூத்த பொருள்களாக மாற்றுவதை அங்கே காணலாம். இந்த ஊரில் என்னை மிகவும் ஈர்த்தது அந்த இருண்ட, ஈரம் கசியும் அடித்தளமே. மேலே காணும் அழகிய மாளிகைகள் அனைத்தும் எதை நம்பி எழுந்தன என்பது அங்கே நின்றால் புரிகிறது.

மொத்தம் எத்தனை ஊற்றுகள்? எல்லா நீரும் ஒன்றுதானா?

சிறியவற்றையும் சேர்த்தால் எண்பதை ஒட்டி வரும். குடிநீர்ச் சிகிச்சைக்குப் பயன்படுவதோ பத்துப் பதினைந்து மட்டுமே. அடிப்படையில் எல்லாவற்றின் நீரும் ஒரே தன்மையது. வெப்பநிலையும் கரைந்திருக்கும் வாயுவின் அளவும்தான் ஊற்றுக்கு ஊற்று மாறுபடுகின்றன. சூடு குறைந்த நீரில் வாயு அதிகம். பூங்காத் தூண்மண்டபத்தில் பாம்பின் வாயிலிருந்து வழியும் பாம்பு ஊற்று ஏறத்தாழ 30 டிகிரிதான். முதன்முறை சுவைப்பவர்களுக்கு அதுவே எளிது. பொதுவாகச் சூடு மிகுந்த நீர் மலத்தை இளக்கும் தன்மை குறைந்ததாகவும், ஆறிய நீர் அது கூடியதாகவும் கருதப்படுகிறது. அதனால்தான் எந்த ஊற்றில், எத்தனை மில்லிலிட்டர், எந்த வேளையில் என்று மருத்துவர் குறித்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் குடிக்கலாமா? கட்டணம் உண்டா? எப்படிக் குடிக்க வேண்டும்?

தூண்மண்டபங்களில் வழியும் நீருக்குக் கட்டணம் கிடையாது. யாரும் பிடித்துக் குடிக்கலாம். ஒரு கோப்பை மட்டும் வேண்டும். இந்த ஊருக்கே உரிய தட்டையான பீங்கான் கோப்பைகளைத் தெருவோரக் கடைகள் எங்கும் விற்கிறார்கள். அவற்றின் கைப்பிடி உள்ளீடற்றது. அதன் முனையில் சிறு வாய் இருக்கும். கோப்பையின் அடியிலிருந்து அந்தக் கைப்பிடி வழியாகத்தான் நீரை உறிஞ்ச வேண்டும். சூடான நீர் உதட்டைச் சுடாமல் சிறுகச் சிறுக வருவதற்கும், கனிமங்கள் பல்லில் படிவதைக் குறைப்பதற்கும் இந்த ஏற்பாடு என்று சொல்வார்கள். பிளாஸ்டிக் குவளை வேண்டாம். இவ்வளவு சூட்டுக்கு அது ஏற்றதில்லை.

குடிக்கும் முறையிலேயே இந்த ஊரின் வரலாறு அடங்கியிருக்கிறது. தொடக்கத்தில் மக்கள் இங்கே குளிக்க மட்டுமே வந்தார்கள். தோல் வெடித்துப் புண்ணாகும் வரை நாள்தோறும் பல மணி நேரம் நீரில் கிடப்பார்கள், அந்தப் புண் வழியாக நோய் வெளியேறும் என்பது அக்கால நம்பிக்கை. வாட்ஸ்லாவ் பயர் என்ற மருத்துவர் 1522இல் வெளியிட்ட நூலில் இந்த நீரைக் குடிக்கவும் வேண்டும் என்று பரிந்துரைத்தார். பிறகு குடிப்பதும் எல்லை மீறி, ஒரே நாளில் டஜன் கணக்கான கோப்பைகளை வயிற்றில் ஊற்றிக்கொள்ளும் வழக்கமாகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் பெக்கர் என்ற மருத்துவர்தான் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். நீரை வேதியியல் முறையில் ஆராய்ந்தார், அளவைக் குறைத்தார், படுக்கையறையில் அடைந்து கிடந்து குடிப்பதை விட்டுவிட்டு, ஊற்றருகே வந்து, திறந்த வெளியில் நடந்துகொண்டே பருக வேண்டும் என்று வற்புறுத்தினார். நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் முறையும் அவர் காலத்தில்தான் தொடங்கியது. இன்று நாம் காணும் நீண்ட தூண்மண்டபங்கள், ஆற்றங்கரை நடைபாதைகள், இசைக்குழுவுக்கான மேடைகள் எல்லாம் "நடந்துகொண்டே குடியுங்கள்" என்ற அந்த மருத்துவரின் சொல்லிலிருந்து வளர்ந்தவை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, காலையில் உணவுக்கு முன்பு ஊற்றுக்குச் சென்று, ஒரு கோப்பை பிடித்து, அவசரமின்றி நடந்தபடி சில நிமிடங்களில் பருகுங்கள். உப்பும் இரும்பும் கலந்த வெதுவெதுப்பான சுவை முதலில் முகத்தைச் சுளிக்க வைக்கலாம். சுற்றுலாவாக வருபவர்கள் இரண்டு மூன்று ஊற்றுகளில் சில வாய் சுவைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லா ஊற்றிலும் முழுக் கோப்பை குடித்துப் பார்க்கிறேன் என்று இறங்கினால் அன்றைய பகல் கழிப்பறையைத் தேடுவதிலேயே போய்விடும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். ஒரு லிட்டரில் ஒன்றரை கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும் நீர் இது என்பதை மறந்துவிடக் கூடாது. சிறு குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நீர் உண்மையில் நோயைக் குணப்படுத்துமா?

செரிமானக் கோளாறுகள், கல்லீரல், பித்தப்பை நோய்கள், நீரிழிவு போன்றவற்றுக்குத் துணைச் சிகிச்சையாகவே செக் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். மருத்துவர் பரிந்துரைத்தால் அந்த நாட்டின் மருத்துவக் காப்பீடே சில நோய்களுக்கான தங்கலின் செலவை ஏற்றுக்கொள்கிறது. அந்த அளவுக்கு இது அவர்களுடைய மருத்துவ நடைமுறைக்குள் இடம்பெற்றிருக்கிறது. மரபான சிகிச்சைக் காலம் மூன்று வாரங்கள். அத்தனை நாள்களும் குறித்த நேரத்தில் எழுந்து, அளவாக உண்டு, காட்டுப் பாதைகளில் நடந்து, நன்றாக உறங்கும் ஒருவருக்கு உடல் தேறுவதில் நீரின் பங்கு எவ்வளவு, ஒழுங்கான வாழ்க்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஒரு நாளில் குடித்துவிட்டுப் போகும் நீரிலிருந்து எந்த நோய்க்கும் தீர்வை எதிர்பார்க்காதீர்கள். வழக்கமாக உட்கொள்ளும் மருந்தை இந்த நீரை நம்பி ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

ஊற்று நீரில் குளிக்க முடியுமா?

முடியும், ஆனால் தெருவோரத் தொட்டிகளில் அல்ல. அவை பருகுவதற்கு மட்டுமே உரியவை. கை கழுவுவதையும் பாத்திரம் அலம்புவதையும் அங்கே யாரும் விரும்ப மாட்டார்கள். குளியலுக்கு நட்சத்திர விடுதிகளும் சிகிச்சை இல்லங்களும் இருக்கின்றன. 1906இல் திறக்கப்பட்ட எலிசபெத் குளியலகத்தில் கனிமநீர்த் தொட்டிக் குளியல், கரிமச் சேற்றுக் கட்டு, உடல் பிடித்துவிடுதல் போன்ற சேவைகளை வெளியிலிருந்து வருபவர்களும் பெறலாம். முன்பதிவு செய்துகொள்வது அவசியம். 1895இல் கட்டப்பட்ட பேரரசுக் குளியலகம் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, பெரும் சீரமைப்புக்குப் பின் 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அது குளிக்கும் இடமன்று. பழைய மருத்துவக் கருவிகளையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் காணவும் இசை கேட்கவும் செல்லலாம்.

தூண்மண்டபங்களில் எவற்றை அவசியம் பார்க்க வேண்டும்?

டெப்லா ஆற்றின் கரையில் இறங்கி நடந்தால் எல்லாமே வரிசையாக வரும். டெப்லா என்றாலே செக் மொழியில் வெதுவெதுப்பானது என்று பொருள். முதலில் வருவது பூங்காத் தூண்மண்டபம். வார்ப்பிரும்பில் பின்னலாடை போல் செய்த வேலைப்பாடு, 1881ஆம் ஆண்டினது. அடுத்தது ஆலைத் தூண்மண்டபம். பிராக்கின் தேசிய நாடக அரங்கை வடிவமைத்த யோசெஃப் சீட்டெக் 1871 முதல் 1881 வரை இதைக் கட்டினார். 124 கொரிந்தியத் தூண்கள் மேலே உள்ள மாடத்தைத் தாங்குகின்றன. கூரை விளிம்பில் பன்னிரண்டு மாதங்களைக் குறிக்கும் பன்னிரண்டு சிலைகள் நிற்கின்றன. உள்ளே ஐந்து ஊற்றுகள். மழை பெய்யும் காலைப் பொழுதில் இதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோப்பையுடன் நடந்து பாருங்கள். எதற்காக இவ்வளவு பெரிய கூரை என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

சற்று மேலே, வெள்ளை நிற மரவேலைப்பாட்டோடு நிற்பது 1883இல் எழுந்த சந்தைத் தூண்மண்டபம். வியன்னாவைச் சேர்ந்த ஃபெல்னர், ஹெல்மர் என்ற இருவர், சேர்ந்து தொழில் செய்த கட்டடக் கலைஞர்கள், வடிவமைத்தது. இந்த ஊரின் முகமே இவர்கள் கைவண்ணம் என்று சொல்லலாம். நகர நாடக அரங்கும் பேரரசுக் குளியலகமும் பூங்காத் தூண்மண்டபமும் அவர்களுடையவைதாம். நாடக அரங்கின் திரைச்சீலையை ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் இளமையில் தம் தம்பியுடனும் நண்பர் மாட்ஷுடனும் சேர்ந்து தீட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வ்ரீட்லோ பீறிடும் மண்டபத்தை மட்டும் பலர் ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். அங்கே ஃபெல்னரும் ஹெல்மரும் கட்டிய அழகிய வார்ப்பிரும்பு மண்டபம் 1939இல் போர்த்தேவைக்கான இரும்புக்காகப் பிரிக்கப்பட்டது. இப்போது இருப்பது 1975இல் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக எழுந்த கட்டடம்; ஒரு காலத்தில் முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் பெயரைத் தாங்கியிருந்தது. அவருடைய சிலை பின்னர் விமான நிலையத்துக்கு மாற்றப்பட்டது. பழமையான தெருவில் அது உறுத்தலாகத் தெரிவது உண்மை. ஆனாலும் உள்ளே கண்ணாடிக் கூடத்தில் ஆவி நிறைந்து, நடுவே நீர்த்தூண் ஓயாமல் எழுந்து விழுவதைக் கால் மணி நேரம் நின்று பார்த்தபின் கட்டடத்தைப் பற்றிய குறை நினைவில் நிற்பதில்லை. பக்கத்துக் கூடத்தில் அதே நீரை வெவ்வேறு அளவுக்கு ஆறவைத்துத் தனித்தனித் தொட்டிகளில் தருகிறார்கள். அருகிலேயே 1736இல் நிறைவுற்ற மரிய மக்தலேனா தேவாலயம் இருக்கிறது. கிலியான் இக்னாஸ் டீன்ட்சன்ஹோஃபர் கட்டியது. பரோக் பாணியை விரும்புபவர்கள் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

இங்கே வந்து தங்கிய புகழ்பெற்றவர்கள் யார் யார்?

பட்டியல் மிக நீளமானது; சுவர்தோறும் நினைவுப் பலகைகளைக் காண்பீர்கள். ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1711இலும் 1712இலும் வந்தார். கவிஞர் கெதே 1785இல் தொடங்கிப் பன்னிரண்டு முறைக்கு மேல் வந்து, நீரைக் குடித்ததோடு நில்லாமல் சுற்றியுள்ள பாறைகளையும் ஆராய்ந்தார். பீத்தோவன் 1812இல் வந்தார். போலந்தின் இசைமேதை ஷோபான் 1835இல் இங்கேதான் தம் பெற்றோரை மீண்டும் சந்தித்தார். அதன்பின் அவர்களை அவர் பார்க்கவே இல்லை. கல்லீரல் நோயால் அவதிப்பட்ட கார்ல் மார்க்ஸ் 1874 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோடையில் வந்து தங்கினார். 1918இல் முஸ்தபா கெமால், பின்னாளைய அத்தாதுர்க், சிகிச்சைக்கு வந்திருந்தார். 1935இல் வியன்னாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சுபாஷ் சந்திர போஸும் உடல் தேற இங்கே வந்து தங்கியவரே.

இவர்களுக்கு இடையில் எனக்கு மறக்க முடியாதவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் யொஹான் செபாஸ்டியன் பாக். தம்மை ஆதரித்த இளவரசர் லியோபோல்டின் இசைக் குழுவோடு 1720இல் இங்கே வந்திருந்தார். அக்காலத்தில் நீர்ச் சிகிச்சைக்கு வரும் பிரபுக்கள் தம் இசைவாணர்களையும் உடன் அழைத்து வருவது வழக்கம். வீட்டிலேயே தங்கியிருந்த அவர் மனைவி மரியா பார்பரா அந்த வேளையில் இறந்துபோனார். செய்தி எட்டவில்லை. வீடு திரும்பியபோதுதான், மனைவியை அடக்கம் செய்தே முடித்துவிட்டார்கள் என்று அவர் அறிந்தார். உடல்நலம் தேடி வருபவர்களின் ஊரில் இப்படியும் ஒரு நினைவு இருக்கிறது.

பலகைகள் சொல்லாத வரலாறும் இருக்கிறதா?

இருக்கிறது. 1938இல் மியூனிக் ஒப்பந்தத்தால் இந்தப் பகுதி ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நகரின் பெரிய யூத ஆலயம் எரிக்கப்பட்டது. யூதர்களுக்குத் தனித் தாயகம் வேண்டிய சியோனிய இயக்கத்தின் உலக மாநாடுகள் 1921இலும் 1923இலும் கூடிய ஊர் இது என்பதையும், விருந்தினர்களிலும் மருத்துவர்களிலும் வணிகர்களிலும் யூதர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதையும் நினைத்தால் அந்த இழப்பின் அளவு தெரியும். போர் முடிந்தபின், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மானியர்கள் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டார்கள்; விடுதிகள் அரசுடைமையாயின. இன்று நாம் பார்க்கும் மாளிகைகளைக் கட்டிய குடும்பங்களின் வழித்தோன்றல்களில் மிகப் பலர் இந்த ஊரில் இல்லை. அழகான வீதியில் நடக்கும்போது இதை அறிந்து நடப்பது நல்லது.

பிராக்கிலிருந்து எப்படிச் செல்வது?

பேருந்தே சிறந்தது. பிராக்கின் ஃப்ளோரென்ஸ் நிலையத்திலிருந்து அடிக்கடி புறப்படுகிறது. இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டிப் பயணம். தொடர்வண்டி வடக்கே சுற்றிச் செல்வதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையங்கள் இரண்டு இருப்பதைக் கவனியுங்கள்: பிராக் வண்டிகள் நிற்கும் மேல் நிலையம் ஓஹ்ரே ஆற்றின் மறுகரையிலும், பேருந்து நிலையத்தை ஒட்டிய கீழ் நிலையம் நகரப் பக்கத்திலும் இருக்கின்றன. செக் குடியரசு ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. நாணயம் யூரோ அன்று, கொரூனா. சில கடைகள் யூரோவையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் அவர்கள் கணக்கிடும் விகிதம் நமக்குச் சாதகமாக இருப்பதில்லை.

எத்தனை நாள் தங்க வேண்டும்? எந்தப் பருவம் ஏற்றது?

குறைந்தது இரண்டு இரவுகள். மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பகல்நேரச் சுற்றுலாக் கூட்டம் மாலையில் பிராக்கிற்குத் திரும்பிய பிறகும், விடியற்காலையில் கோப்பையோடு சிகிச்சையாளர்கள் மட்டும் நடக்கும் நேரத்திலும்தான் இந்த ஊரின் இயல்பான வாழ்க்கையைப் பார்க்க முடியும். மே முதல் செப்டம்பர் வரை இதமான காலம். மே மாதத் தொடக்கத்தில் ஊற்றுகளுக்கு ஆசி வழங்கி, நான்காம் சார்லஸ் வேடமிட்டவரின் ஊர்வலத்தோடு பருவத்தைத் தொடங்கி வைக்கிறார்கள். ஜூலைத் தொடக்கத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடைபெறும். 1946இல் தொடங்கிய பழமையான விழா அது. திரைப்படப் பித்தர்களுக்கு அதுவே உகந்த நேரம். அமைதியை நாடுபவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும், அறை கிடைப்பதும் கடினம், வாடகையும் பன்மடங்காகும். குளிர்காலத்தில் பனி மூடிய பள்ளத்தாக்கில் ஊற்றுகளின் ஆவி எழுவது தனி அழகு. நடைபாதைகள் வழுக்கும் என்பதால் ஏற்ற காலணி வேண்டும்.

முதியவர்களை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. ஊர் அவர்களுக்காகவே அமைக்கப்பட்டது போலிருக்கும். ஆற்றங்கரை வீதி சமதளம்; பெரும்பகுதி வாகனங்கள் அற்றது; இருபது அடிக்கு ஒரு பெஞ்சாவது கண்ணில் படும். குன்றின் மேலுள்ள டயானா கோபுரத்துக்கு ஏற முடியாதவர்களுக்கு, பழைய பூப் விடுதியின் அருகிலிருந்து 1912 முதல் ஓடும் கயிற்று இழுவை ரயில் இருக்கிறது. கோபுரத்திலும் மின்தூக்கி உண்டு. விடுதி எடுக்கும்போது மட்டும் பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் இருக்கிறதா, மேட்டில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு தெரு தள்ளினாலே நூறு படிகள் ஏற வேண்டிவரும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். செக் சமையலில் இறைச்சிக்கே முதலிடம், சூப்புகளிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கும். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு அடை, பழம் வைத்து அவித்த கொழுக்கட்டை ஆகியவை எளிதில் கிடைப்பவை. பழக் கொழுக்கட்டையை அங்கே இனிப்பாகவும் தருவார்கள், முழு உணவாகவும் தருவார்கள். உருளைக்கிழங்கு அடையில் சில இடங்களில் முட்டை சேர்ப்பார்கள் என்பதால் முட்டை உண்ணாதவர்கள் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

நினைவாக எதை வாங்கி வரலாம்?

முதலில் பீங்கான் கோப்பை. அடுத்தது ஒப்லாட்கி என்னும் வட்டமான மெல்லிய இனிப்பு அப்பளங்கள். கொட்டைத் தூளும் சர்க்கரையும் நடுவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றவை அவை. கடையிலேயே சூடாக்கித் தருவதை நின்ற இடத்தில் உண்ணுங்கள், ஊற்று நீரின் உப்புச் சுவைக்கு அது நல்ல மாற்று. 1807 முதல் தயாராகும் பெக்கெரோவ்கா என்ற மூலிகை மதுவை ஊரார் பதின்மூன்றாவது ஊற்று என்று செல்லமாக அழைக்கிறார்கள்; வயிற்று மருந்தாகத் தொடங்கிய அதன் சேர்மானம் இன்றும் இரகசியம். 1857இல் தொடங்கப்பட்ட மோசர் கண்ணாடி நிறுவனத்தின் பொருள்கள் விலை மிகுந்தவை. வாங்காவிட்டாலும் அதன் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். கல் படிந்த ரோஜாவை வாங்கினால் கைப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள், எளிதில் உடையும்.

அருகில் வேறு எங்கெல்லாம் போகலாம்?

ஓஹ்ரே ஆறு வளைந்து சூழும் பாறை மேல் கோட்டையோடு நிற்கும் லோகெட் மிக அருகில் இருக்கிறது. நடப்பதில் விருப்பமுள்ளவர்கள் ஆற்றோரப் பாதையில் ஸ்வதோஷ் பாறைகளைக் கடந்து அங்கே செல்லலாம். வடக்கே மலையடிவாரத்தில் யாகிமோவ். 16ஆம் நூற்றாண்டில் அங்கே அடித்த வெள்ளி நாணயத்தின் ஜெர்மானியப் பெயரிலிருந்துதான் டாலர் என்ற சொல் பிறந்தது. மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்திய தாதுக் கழிவும் அந்தச் சுரங்கத்தினுடையது. தெற்கே மரியான்ஸ்கே லாஸ்னி, மேற்கே ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னி. முன்னதில் குளிர்ந்த ஊற்றுகளும் பரந்த பூங்காக்களும், பின்னதில் மஞ்சள் வண்ணம் பூசிய அமைதியான வீதிகளும் இருக்கின்றன. 2021இல் ஐரோப்பாவின் மாபெரும் நீர்ச்சிகிச்சை நகரங்கள் என்று ஏழு நாடுகளின் 11 ஊர்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது கார்லோவி வாரியும் இந்த இரண்டும் அதில் இடம்பெற்றன. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மரியான்ஸ்கே லாஸ்னியைத் தேர்ந்தெடுங்கள். கீழ் நிலையத்திலிருந்து பெச்சோவ் வழியாகச் செல்லும் சிறு ரயிலில் ஏறினால், டெப்லா ஆற்றை ஒட்டியே காட்டுக்குள் பயணம் செய்து போய்ச் சேரலாம்.